மார்பு மறுசீரமைப்பு அறுவைக்குப் பிறகு எப்போது பழைய வேலைக்குத் திரும்பலாம்?

பள்ளத்தூர் பக்கம் ஒரு பழைய வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வயது 46. மதுரையில் புற்றுக்காக வலது மார்பை அகற்றி, அதே அறுவையில் அடிவயிற்றுச் சதையை எடுத்து மார்பு அமைத்திருக்கிறார்கள். அறுவை முடிந்து 16 நாள் ஆகிறது. மாமியார் ‘கையை அசைக்காமல் மூன்று மாதம் படு’ என்கிறார். மருத்துவமனையில் ‘நடங்கள், கையை அசையுங்கள்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த மாதம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். பலகாரம் சுடும் வேலைக்கு நிற்கலாமா, எப்போது பழையபடி ஆவேன் என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், ஊரில் எல்லோரிடமும் கர்ப்பப்பை ஆபரேஷன் என்றே சொல்லி வைத்திருப்பதாகவும் ஒரு வார்த்தை இருக்கிறது. அந்த வரியும் கேள்வியில் சேர்ந்ததாகவே எனக்குப் படுகிறது. எந்த வேலையை எப்போது செய்யலாம் என்பது ஒன்று. முடியாது என்பதற்கு உண்மையான காரணத்தைச் சொல்ல முடியாத இடத்தில் எப்படி மறுப்பது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். மதுரை, திருச்சி, சென்னை என்று வெளியூரில் அறுவை முடித்துவிட்டுக் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் வீடு திரும்பும் பெண்களுக்குத் தோளும் கையும் வயிறும் தேறி வருவதற்கான பயிற்சி கொடுப்பது பல வருடங்களாக என் வேலையில் பெரும்பகுதி. ஆனால் நான் அறுவை மருத்துவர் இல்லை, உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பார்க்கவில்லை. கீழே சொல்வதற்கும் உங்கள் மருத்துவர் சொன்னதற்கும் வேறுபாடு வந்தால் அவர் சொன்னதையே பிடித்துக்கொள்ளுங்கள். அடிவயிற்றுச் சதையின் இரத்தக் குழாயை மார்பில் எங்கே இணைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம். கையை அசைப்பது வேறு, கையில் எடை தூக்குவது வேறு. உங்கள் மாமியாரும் மருத்துவமனையும் முரண்படுவதுபோலத் தெரிவதற்கு, இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பதுதான் காரணம். எடை தூக்கக் கூடாது என்பதில் மாமியார் சொல்வது சரி. அசைக்கவே கூடாது என்பது தவறு. அசைக்காத தோள் சில வாரங்களிலேயே இறுகிவிடும். அப்படி இறுகிய தோளோடு இரண்டு மூன்று மாதம் கழித்து வருகிறவர்களுக்கு, முதல் மாதத்தில் வலி இல்லாமல் கிடைத்திருக்கக்கூடிய அசைவை வலியோடு மீட்க வேண்டியிருக்கிறது. பிறகு கதிர்வீச்சு தேவைப்பட்டால் கையைத் தலைக்கு மேல் வைத்தபடி அசையாமல் படுக்க வேண்டும். தோள் வளையாதவர்களுக்கு அங்கே சிகிச்சையே தள்ளிப்போகலாம்.

கைப்பயிற்சி எப்படி என்றால், முதல் ஒன்று இரண்டு வாரம் தோள் மட்டம் வரை போதும் என்பது பொதுவான வழக்கம். விரல்களை மடக்கி விரிப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோளை மெதுவாகப் பின்னால் சுழற்றுவது, எதிர்க் கையால் தலை வாரிக்கொள்ளாமல் முடிந்தவரை வலது கையாலேயே வாரப் பார்ப்பது, இவ்வளவுதான். காயத்து நீரை வடிக்க வைத்த ட்ரெய்ன் குழாயை எடுத்துவிட்டு மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு தோள் மட்டத்துக்கு மேலே போகலாம். சுவரைப் பார்த்து நின்று விரல்களைச் சுவரில் நடக்கவிட்டு, இழுவை தெரியும் இடத்தில் நிறுத்தி, ஐந்து எண்ணி, இறங்க வேண்டும். நான் ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து விரல் எட்டிய உயரத்தில் கதவு நிலையில் ஒட்டச் சொல்வேன். உங்கள் வீட்டுத் தேக்கு நிலைக்கு அதனால் ஒரு கெடுதலும் வராது. வாரத்துக்கு ஒரு முறை அதைக் கழற்றி மேலே ஒட்டுங்கள். சில வாரம் அரை விரல் உயரும், சில வாரம் ஒன்றுமே நகராது. கீமோ நடக்கிற வாரத்தில் இறங்கக்கூடச் செய்யலாம். இழுவை இருக்கலாம். குத்தும் வலி வந்தால் அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிடுங்கள். அக்குளிலிருந்து முழங்கையை நோக்கித் தோலுக்கு அடியில் விறைப்பாக ஒரு கயிறு ஓடுவதுபோலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு வருவதுதான் அது. மெதுவாக நீட்டும் பயிற்சியில் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ விட்டுவிடும். ஆனால் அதை நீங்களாக அழுத்தி உடைக்கப் பார்க்காதீர்கள்.

இதில் ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2021ல் பிரிட்டனில் வெளியான ப்ராஸ்பர் என்ற ஆய்வில், அறுவை முடிந்து ஒரு வாரம் பத்து நாளில் தொடங்கிய முறையான பயிற்சியால் ஒரு வருடம் கழித்துக் கையின் இயக்கம் நன்றாக இருந்தது. ஆனால் அதில் மறுசீரமைப்பு செய்துகொண்டவர்களைச் சேர்க்கவில்லை. ஆக, பயிற்சி வேண்டும் என்பது உறுதி. உங்களைப் போன்றவர்களுக்கு எந்த நாளில் எந்த உயரம் என்பதில்தான் மருத்துவருக்கு மருத்துவர் கணக்கு மாறுகிறது. இணைத்த இரத்தக் குழாய் நெஞ்செலும்பின் ஓரத்தில் இருக்கிறதா, அக்குளுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தும் அது மாறும். அடுத்த முறை போகும்போது இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வயிற்றுக்கு வருவோம். மார்பு அறுவைக்குப் போனவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பது வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியாது. இடுப்பின் ஒரு எலும்பிலிருந்து மறு எலும்பு வரை நீளும் தையல் அது. முதல் ஒன்றிரண்டு வாரம் கூன் போட்டு நடப்பது இயல்பு. உங்களுக்கு இப்போது மெல்ல நிமிர வேண்டிய நேரம். ஒருவருக்கு ஆனது இன்னொருவருக்கும் ஆகும் என்று பிறர் கதையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். 1982ல் ஹார்ட்ராம்ப் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் விவரித்த முறையில் வயிற்றுத் தசையையும் சேர்த்தே மேலே கொண்டுபோனார்கள். 90களிலிருந்து பரவிய முறையில் தசையை விட்டுவிட்டுத் தோல், கொழுப்பு, இரத்தக் குழாய் மட்டும் எடுக்கிறார்கள். தசையை எடுத்திருந்தால் வயிறு பலவீனமாகும் வாய்ப்பும் குடலிறக்க ஆபத்தும் கூடுதல். எடுக்காவிட்டாலும் ஆறு வாரம் வயிற்றுக்குப் பாரம் ஆகாது என்பது இரண்டுக்கும் பொது.

படுக்கையிலிருந்து எழும் விதம் ஒன்றை மட்டும் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதி வலி போய்விடும். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழ முயலாதீர்கள். இரண்டு முழங்காலையும் மடக்கி, உடம்பை ஒரே கட்டையாக அறுவை நடக்காத இடது பக்கம் திருப்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அந்தக் கால்களின் எடை கீழே இழுக்கும்போதே இடது முழங்கையை ஊன்றி எழுங்கள். படுப்பதற்கும் இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். தரையில் பாய் இப்போது வேண்டவே வேண்டாம், கட்டில்தான். தூங்கும்போது முதுகுக்கும் முழங்காலுக்கு அடியிலும் தலையணை. ஒருக்களித்துப் படுக்க ஆறு வாரம் வரை பொறுங்கள், குப்புறப் படுப்பது அதற்கும் பிறகு. இருமல் வந்தால் ஒரு சிறு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் சில சங்கதிகள் உண்டு. கழிப்பறை பின்கட்டைத் தாண்டி இருக்கும். போகிற வழியில் உயரமான நிலைப்படிகள் இரண்டு மூன்று இருக்கும். முற்றத்து ஓரத்தில் ஈரம் பட்ட ஆத்தங்குடிக் கல் வழுக்கும். ராத்திரி தனியாகப் போகாதீர்கள். வழியில் விளக்கு எரியட்டும். நிலைப்படியில் இடது கையால் நிலையைப் பிடித்து ஏறுங்கள். குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறை என்றால் ஆறு வாரத்துக்கு அதன்மேல் வைக்கும் நடுவில் ஓட்டையுள்ள நாற்காலி ஒன்று வாங்கிவிடுங்கள், மருத்துவக் கருவி விற்கும் கடைகளில் கிடைக்கும். வலி மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கும், முக்கினால் தையலை இழுக்கும். தண்ணீரும் கீரையும் போதவில்லை என்றால் மலமிளக்கி கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம்.

உடைக்கும் ஒரு வார்த்தை. பாவாடை நாடா கட்டும் இடமும் இந்தத் தையலும் ஏறக்குறைய ஒரே இடம். புண் முழுக்க ஆறும் வரை நைட்டிதான் நல்லது. அப்புறம் நாடாவைத் தையலுக்கு மேலே தளர்வாகக் கட்டலாம். மருத்துவமனையில் கொடுத்த வயிற்றுப் பட்டையை அவர்கள் சொன்ன நாள் வரைக்கும் போடுங்கள். மார்புக்குக் கம்பி வைக்காத, முன்னால் ஊக்கு வைத்த மென்மையான பருத்தி உள்ளாடை. ஜாக்கெட்டை இப்போதே புது அளவுக்குத் தைக்கக் கொடுக்க வேண்டாம். வீக்கம் வடிந்து மார்பு ஒரு வடிவத்துக்கு வர மூன்று மாதமாவது ஆகும். கல்யாணத்துக்கு வேண்டுமானால் பழைய ஜாக்கெட்டைப் பிரித்து அக்குளில் தளர்த்திக்கொள்ளுங்கள். அக்குளில் இறுகும் கை வைத்த ஜாக்கெட்டும், கையோடு ஒட்டிய வளையலும் வலது கைக்கு வேண்டாம். திடீரென்று ஒரு நாள் வளையலோ மோதிரமோ இறுகுவதாகத் தோன்றினால் அது நிணநீர் வீக்கத்தின் முதல் அறிகுறியாக இருக்கலாம். காத்திருக்காமல் காட்டுங்கள்.

எடைக்கு ஒரு அளவு வேண்டும் அல்லவா. ஆறு வாரம் வரை இரண்டு முதல் நான்கு கிலோவுக்கு மேல் வேண்டாம் என்பது பெரும்பாலான மருத்துவர்கள் சொல்லும் எல்லை. நான் உங்களைப் போன்றவர்களுக்கு இரண்டு கிலோ என்றே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நிறைந்த தண்ணீர்க் குடம் பத்துக் கிலோவைத் தாண்டும். ஒரு வயதுக் குழந்தை ஒன்பது, பத்துக் கிலோ. கிரைண்டர் கல், நனைந்த போர்வை, பெரிய இட்லிக் கொப்பரை எதுவும் இந்த எல்லைக்குள் வராது. காய் நறுக்குவது, தாளிப்பது, காபி போடுவது, உட்கார்ந்து கீரை ஆய்வது எல்லாம் இப்போதே செய்யலாம், பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை இளைப்பாறிக்கொண்டு. குனிந்து கோலம் போடுவது, பெருக்குவது ஆறு வாரத்துக்குப் பிறகு. முறுக்கு பிழிவதை நான் தனியாகவே சொல்வேன். பார்க்கச் சின்ன வேலை. ஆனால் கெட்டி மாவை நாழியில் போட்டு அழுத்தும்போது நெஞ்சுத் தசையும் வயிறும் சேர்ந்துதான் முக்குகின்றன. உங்கள் அறுவை தொட்ட இரண்டு இடமும் அவைதான். மூன்று மாதத்துக்கு அது ஆகாது. ஆக, கல்யாணத்துக்குப் போகலாம், உட்கார்ந்து வெற்றிலை பாக்குப் பை போடலாம், பலகார அடுப்படிக்கு நிற்க வேண்டாம்.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். புது மார்பின் தோலிலும் அடிவயிற்றிலும் உணர்ச்சி இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். அறுவையில் நுண்ணிய நரம்புகள் அறுபடுகின்றன. ஒரு வருடம், இரண்டு வருடத்தில் ஓரளவு திரும்பலாம். முழுதாகத் திரும்புவது அபூர்வம். நம் வீடுகளிலோ எங்கே வீங்கினாலும் முதலில் நீளும் கை ஒத்தடம் கொடுக்கும் கைதான். உப்பு ஒத்தடம், வெந்நீர்ப் பை, வறுத்த நொச்சி இலை, எதுவும் இந்த இரண்டு இடத்திலும் கூடாது. சுடுகிறது என்று உங்கள் உடம்பு சொல்லாது. கொப்புளம் வந்த பிறகே தெரியும். இங்கே வெந்த புண் லேசில் ஆறுவதில்லை. பாசத்தோடு கொடுத்த ஒத்தடத்தால் வெந்த தோலை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன். குளிக்கும் வெந்நீரை இடது முன்கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு மேலுக்கு ஊற்றுங்கள். இட்லிக் கொப்பரை மூடியைத் திறக்கும்போது ஆவி மார்பில் அடிக்காமல் தள்ளி நில்லுங்கள். ஐஸ் பையும் இதே காரணத்துக்காக வேண்டாம்.

சாப்பாட்டில் பத்தியம் என்ற பெயரில் பூண்டு ரசமும் சுட்ட அப்பளமும் மட்டும் போடுகிறார்கள் என்றால் அதை மாற்றச் சொல்லுங்கள். இத்தனை நீளத் தையல் ஆற புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 70 முதல் 90 கிராம் வரை. ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முட்டை, மீன், கோழி, தயிர், பருப்பு உருண்டைக் குழம்பு, சுண்டல் எல்லாமே நல்லது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். கத்தரிக்காயும் மீனும் புண்ணைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, உங்களுக்கு ஒவ்வாமை இருந்தாலொழிய. சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பதே பத்தியம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்து, அந்தத் தட்டம் உங்களிடமும் வந்தால், புகையிலையைத் தொடாதீர்கள். நிக்கோடின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும். உங்கள் புது மார்பும் வயிற்றுத் தையலும் அவற்றை நம்பித்தான் ஆறுகின்றன.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் உண்டு. காபி குடித்தால் இணைத்த குழாய் சுருங்கும் என்று சில மருத்துவர்கள் சில வாரங்களுக்குத் தடை போடுகிறார்கள், சிலர் போடுவதில்லை. புகையிலைக்கு இருப்பதுபோன்ற வலுவான ஆதாரம் காபிக்கு இல்லை. உங்கள் மருத்துவர் வேண்டாம் என்றிருந்தால் விட்டுவிடுங்கள். முடிச்சு எடுத்த கையில் ஊசியோ இரத்த அழுத்தப் பட்டையோ கூடவே கூடாது என்பதும் முன்பெல்லாம் சொல்லிவந்த அளவுக்கு நிரூபணமானது இல்லை. இருந்தாலும் இன்னொரு கை இருக்கும்போது அதில் எடுத்துவிடுவதில் என்ன கஷ்டம் என்பது என் நிலை. தழும்பை எண்ணெய் விட்டுத் தேய்ப்பது தோலைத் தளர்த்த உதவுகிறது என்பது அனுபவத்தில் தெரிவது. எந்த எண்ணெய் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தையல் முழுக்க மூடி, பொருக்கு உதிர்ந்த பிறகுதான். அதற்கு முன் மஞ்சள் பொடி உட்பட எதையும் புண்ணில் வைக்காதீர்கள்.

கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. யாரிடம் எதைச் சொல்வது என்பது உங்கள் உரிமை. ஆனால் உடம்பின் பக்கமிருந்து பார்த்தால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. கர்ப்பப்பை எடுத்தவர் கையை ஏன் தூக்க முடியாது என்று யாருக்கும் விளங்காது. விசாரிக்க வருகிறவர் வலது கையைப் பிடித்து எழுப்பிவிடுவார். கல்யாண வீட்டில் யாராவது குழந்தையை நீட்டுவார்கள், தழுவிக்கொள்வார்கள், பரணில் இருப்பதை எடுக்கச் சொல்வார்கள். அந்த ஒரு நொடியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் ஊருக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் பக்கத்திலேயே இருக்கக்கூடிய ஒருவருக்கு மட்டும் முழு உண்மையும் தெரியட்டும். மகளோ, ஓரகத்தியோ, சிநேகிதியோ. குழந்தையை வாங்கிக்கொள்வதும், வலது பக்கம் நின்றுகொள்வதும், ‘அவுங்க படுக்கட்டும்’ என்று வந்தவர்களை எழுப்பி அனுப்புவதும் அவர் வேலை. மத்தியானத்துக்கு மேல் உடம்பு ஓய்ந்துபோவதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். பல மணி நேர மயக்க மருந்தும் இரண்டு பெரிய காயமும் தாங்கிய உடம்பு அது. இந்தச் சோர்வு மூன்று மாதம் வரை இருப்பது சகஜம், கீமோ சேர்ந்தால் இன்னும் நீளும். மாமியாருக்கு உண்மை தெரியும் என்பதால் அவரை எதிர்க்க வேண்டாம். ‘எடை தூக்கவே மாட்டேன், கையை மட்டும் அசைக்கிறேன்’ என்று இரண்டையும் பிரித்துச் சொல்லுங்கள். அவர் பயம் நியாயமானது, அது பாதியாகக் குறையும்.

பழையபடி எப்போது ஆவேன் என்பதற்கு ஒரே தேதி சொல்ல முடியாது. முழுச் சமையல், மற்ற லேசான வேலை எல்லாம் ஆறு வாரத்தில். ஸ்கூட்டி ஓட்டுவது ஆறு முதல் எட்டு வாரத்தில், திடீரென்று பிரேக் பிடித்தாலும் வலிக்காது என்று தெரிந்த பிறகு. குடம் தூக்குவது, முறுக்கு பிழிவது மூன்று மாதத்துக்குப் பிறகு, படிப்படியாக. தழும்பின் நிறம் மங்க ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். மார்பில் பிறகு கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால், இடம் மாற்றிய கொழுப்பில் ஒரு பகுதி இறுகியிருப்பதாக இருக்கலாம். ஆனால் அதை நீங்களோ நானோ முடிவு செய்யக் கூடாது, பரிசோதித்தே சொல்ல வேண்டும்.

நாள் பார்க்காமல் உடனே ஓட வேண்டிய நிலைகளும் உண்டு. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மார்பின் தோல் கறுப்பதோ நீலம் பாய்வதோ, சிவப்பு பரவுவது, ஒரே பக்கம் திடீரென்று வீங்குவது, நாற்றமுள்ள நீர், தையல் விட்டுப்போவது என்றால் அறுவை செய்த மருத்துவமனைக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் 108ஐ அழையுங்கள். மதுரை வரை காத்திருக்க வேண்டாம், பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது நான்கு கேள்வி எழுதி எடுத்துப் போங்கள்: வயிற்றுத் தசையை எடுத்தார்களா, விட்டார்களா; அக்குளில் எடுத்தது சில முடிச்சுகளா, முழுதுமா; கையை எந்த நாளிலிருந்து தலைக்கு மேல் தூக்கலாம்; டமாக்சிபன் போன்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரை உண்டா, எப்போது தொடங்குவது. பதில்களை இங்கே எழுதினால் பயிற்சியை அதற்கேற்ப மாற்றிச் சொல்கிறேன். பஸ் வேண்டாம், காரில் போங்கள். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி ஐந்து நிமிடம் நடங்கள். சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மறக்காமல் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.